கவுன்காரி மதலேன்

கலியாணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலை விட்டு வந்த வலன்ரைன் கக்கத்தில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். குசினியில் அடுப்பருகே நின்ற மனைவியின் கையில் அதைக் கொடுத்து, "பிரிச்சுப் பாரு" என்றார்.

உள்ளே ஒரு கவுன். வெள்ளைத் துணியில் சின்னச் சின்ன ஊதாப்பூ. கழுத்திலும் கைமுனையிலும் லேஸ் வைத்துத் தைத்திருந்தது. யாருக்கோ கொண்டுபோய்க் கொடுப்பதற்கு வாங்கியிருக்கிறார் என்றுதான் மதலேன் நினைத்தாள்.

"யாருக்குங்க இது?"

"உனக்குத்தான். நாளையில இருந்து இதத்தான் போடணும். சேலை வேணாம்."

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை.

இது நடந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதில். வலன்ரைன் கண்டி நகரில் புரொக்டர் வேலை பார்த்த ஒரு வக்கீலின் கந்தோரில், அதாவது ஆபீசில், கிளாக்கர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். கத்தோலிக்கச் சாமியார்களிடம் இங்கிலீசு படித்துக் கோட்டும் தொப்பியுமாக டவுனுக்கு இறங்கியவர். அம்பிட்டியவில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு எடுத்திருந்தார். மதலேன் அதே தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். தகப்பன் இல்லை. தாய் அன்னம்மாவும் அவளும் கொழுந்து பறித்தார்கள். அண்ணன் லோரன்ஸ் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினான். கோயில் திருநாளில் அவளைக் கண்டு ஆசைப்பட்ட வலன்ரைன், கணக்கப்பிள்ளை வீட்டார் எல்லாரும் குறுக்கே நின்றபோதும் கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று கட்டியவர். அதனால் அவருக்குப் பெண்டாட்டி மேல் அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அவருக்குப் பயம் இருந்தது. கந்தோரில் பறங்கிக்காரர் இருந்தார்கள், பெரிய இடத்துச் சிங்களவர் இருந்தார்கள், யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். தோட்டத்தில் இருந்து வந்தவர் இவர் ஒருவர்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பூர்வீகம் தூத்துக்குடி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். தோட்டத்துப் பெண்கள்போலப் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிய பெண்டாட்டியோடு வாவிக்கரையில் நடந்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

"கவுன் போட்டா ஒருத்தனும் ஒன்னும் கேக்க மாட்டான் மதலேன். நம்ம பிள்ளைகளுக்கும் நல்லது" என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

மறுநாள் அவள் போட்டாள். முழங்காலுக்குக் கீழே காற்று பட்டது. மார்பை மூட முந்தானை இல்லாமல் கை அடிக்கடி தோளுக்குப் போய்ப் போய் வந்தது. கோயிலுக்குப் போகும்போது காலுறை மேஸும் சப்பாத்தும் மாட்டினாள். வழி நெடுக, நாலு பேர் நடுவில் உள்பாவாடையோடு நிற்பது மாதிரியே அவளுக்கு இருந்தது.

முதல்முறை தாய் வீட்டுக்குப் போனதும் அந்தக் கவுனோடுதான். மலைப்பாதையில் ஏறி லயத்து வாசலை மிதிக்கும்போதே பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். "தொரைசாணி! தொரைசாணி!" தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரையில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "அடியே, நம்ம மதலேனா? கவுன்காரி ஆயிட்டாளே!" அந்தப் பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அன்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளை மேலும் கீழும் பார்த்தாள். பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். புறப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் புருசனுக்குப் பிடிச்சா வீட்டுல போட்டுக்க தாயி. இங்க வாரப்ப எம் மகளா வா. இந்த உடுப்புல ஒன்னயக் கட்டிப் பிடிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள்.

அதை மதலேன் வலன்ரைனிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "றோட்டுல கந்தோர்க்காரங்க போவாங்க வருவாங்க. சேலையோட பாத்தா என்ன ஆகும்?" என்றார்.

ஹந்தானைக்கு ஏறும் பாதையின் அடியில் ஆஸியா உம்மாவின் வீடு. கணவர் சாஹுல் ஹமீது அக்குறணைக்காரர், கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருந்தார். மதலேன் ஒரு நாள் மழைக்கு அந்த வாசலில் ஒதுங்கப் போய்ப் பழக்கமானவள். விசயத்தைக் கேட்ட ஆஸியா உம்மா தன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

"எங்கட வீட்டுல தலத்துணி நழுவினா ஏச்சு. உங்கட வீட்டுல சேல கட்டினா ஏச்சு. ஆம்புளையளுக்கு ஒரு நியாயம், நாங்க தலைய ஆட்ட வேண்டியதுதான். அதுக்காக உம்மாவப் பாக்காம ஈக்க ஏலுமா புள்ள? சேலய இங்க கொண்டுவந்து வைங்க."

அதிலிருந்து மதலேன் கவுனோடு வீட்டை விட்டு இறங்குவாள். ஆஸியா உம்மாவின் உள்ளறையில் சேலை மாற்றுவாள். மலை ஏறித் தாயின் மடியில் தலை வைத்துக் கிடப்பாள். பொழுது சாயும் முன்பு இறங்கி வந்து மறுபடி கவுனை மாட்டிக்கொண்டு அம்பிட்டியவுக்கு நடப்பாள். ஐரின் பிறந்த பிறகு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அப்படித்தான் போனாள். கிழவி ஆகிக்கொண்டிருந்த அன்னம்மாவுக்குப் பேத்தியின் வாசம் பிடித்துப்போயிற்று. பிள்ளையின் உள்ளங்காலை மூக்கில் வைத்து மோந்துகொண்டே இருப்பாள்.

ஐரினுக்கு மூன்று வயது ஆகும்வரை இது யாருக்கும் தெரியாது. தெரியவந்த விதம்தான் வேடிக்கை.

கந்தோரில் தலைமைக் கிளாக்கர் ராஜலிங்கம் யாழ்ப்பாணத்தார். நல்ல மனிதர். ஒரு திங்கட்கிழமை காலை, எல்லாரும் இருக்கும்போது, வலன்ரைனின் மேசைக்கு வந்து, "நேற்று உம்மடை மனுசியை ஹந்தானை றோட்டிலை கண்டன். சேலையோடை, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு. சோக்காய்த்தான் இருந்தா. எங்கடை பெண்டுகளுக்குச் சேலைதான் ஐசே லெச்சணம்" என்றார். மனதாரப் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் வலன்ரைனின் காதில் 'ஹந்தானை றோட்டிலை' என்பது மட்டும்தான் விழுந்தது. பக்கத்து மேசைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். சும்மா பார்த்தானோ என்னவோ, அவன் சிரித்ததாக வலன்ரைனுக்குப் பட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவர் அடிக்கவில்லை, சத்தமும் போடவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

"இத்தனை வருசமாக் கட்டிக் காப்பாத்துனத ஒரு நாள்ல கொட்டிட்டியே மதலேன். இனி அங்க போகாத. வேணுன்னா அம்மாவ இங்க வரச் சொல்லு."

அவர் அழுததுதான் மதலேனைக் கட்டிப்போட்டது. அடித்திருந்தால் அவள் மறுநாளே மலை ஏறியிருப்பாள். அன்னம்மாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினாள். அன்னம்மா வரவில்லை. "கிளாக்கரையா வீட்டு வாசல்ல நா எந்தச் சீலையோட வந்து நிக்கிறது?" என்று லோரன்ஸிடம் கேட்டாளாம்.

வருடங்கள் ஓடின. கவுன்களின் உயரம் குறைந்துகொண்டே போயிற்று. புரொக்டர் வீட்டு அம்மா முழங்காலை ஒட்டிக் கவுன் போட்டாள், தலைமயிரையும் கத்தரித்துக்கொண்டாள். வார்ட் வீதிக் கடைகளில் எல்லாம் அந்த மோஸ்தர்தான். வலன்ரைன் மதலேனின் கவுன்களைத் தையற்காரரிடம் கொடுத்துக் கீழே வெட்டச் சொன்னார். மயிரைப் பற்றியும் ஒரு நாள் மெல்லப் பேச்செடுத்தார். மதலேன் கொண்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதைப் பார்த்து அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்தார். முழங்கால் தெரியக் கவுன் போடுகிறவர்களும் கை மூடாதவர்களும் நற்கருணை நன்மை வாங்க முன்னால் வரக்கூடாது என்றார். பெரிய வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். உடுப்பைப் பார்க்கவா சாமியார் பூசை வைக்கிறார் என்று வெளியே வந்து சிரித்தார்கள். மதலேனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. புருசன் வெட்டச் சொல்கிறார், சாமியார் இறக்கச் சொல்கிறார். அவள் நன்மை வாங்குவதையே நிறுத்திவிட்டுக் கடைசி வாங்குப் பலகையில் முழங்காலில் இருந்தாள். பல ஞாயிறு அப்படிப் போயிற்று. பிறகு தானே ஊசி எடுத்து, கவுனின் கீழ் விளிம்பில் ஒரு கறுப்புத் துணியைச் சுற்றி வைத்துத் தைத்துக்கொண்டு முன்னால் போனாள். அதைப் பார்த்தும் சிரிப்பதற்கு ஆள் இருந்தது.

இருபத்தொன்பதாம் ஆண்டு, ஆனி மாத மழையில், லோரன்ஸிடம் இருந்து ஆள் வந்தது. அம்மாவுக்கு நெஞ்சுச்சளி, முடியாமல் கிடக்கிறாள், பார்ப்பதானால் உடனே வரச் சொன்னான் என்றது செய்தி.

மதலேன் எதையும் யோசிக்கவில்லை. போட்டிருந்த கவுனோடு, கைக்குக் கிடைத்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். ஆஸியா உம்மாவின் வீட்டு வாசல் வரும்போது சேலையின் ஞாபகம் வந்தது. நின்றாள். மாற்றுகிற நேரத்துக்குள் அம்மா போய்விட்டால்? அப்படியே மேலே ஏறினாள்.

லயத்தில் அம்மாவின் அறையான காம்பராவில் இருட்டும் புகையுமாக இருந்தது. சுவரோரம் பாயில் அன்னம்மா கிடந்தாள். கண்ணில் பூ விழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அது மதலேனுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. சப்பாத்துச் சத்தம் சிமெந்துத் தரையில் டக்டக்கென்று கேட்டதும் கிழவி தலையைத் திருப்பினாள். வாசல் வெளிச்சத்தில் வெள்ளையாக, கவுன் போட்ட உருவம் ஒன்று நிற்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் கையை ஊன்றி எழும்பப் பார்த்தாள்.

"யாரு, தொரைசாணியம்மாவா? லோரன்சு, அடே, தொரைசாணியம்மா வந்திருக்காங்கடா. ஒக்காரக் கட்டைய எடுத்துப் போடு."

"அம்மா, நாந்தாம்மா. மதலேன்."

அன்னம்மாவின் இரண்டு கையும் நெற்றிக்குப் போயின. பெற்ற மகளுக்குக் கும்பிடு போட்டாள்.

"சலாமுங்க. மதலேன் கண்டியில இருக்காளுங்க தொரைசாணியம்மா. கிளாக்கரையா வீட்டுல. ராணி மாதிரி வச்சிருக்காரு. அவளுக்கு வீட்டுல வேல நெறய, அதான் வர முடியல. நல்ல புள்ளைங்க அவ."

மதலேன் பாயில் விழுந்து தாயைக் கட்டிக்கொண்டாள். கிழவியின் விரல்கள் அவள் தோளைத் தடவின. கழுத்து லேஸில் பட்டதும் சட்டென்று விலகின. துரை வீட்டு உடுப்பில் அழுக்கு ஒட்டிவிடுமே என்ற பயம். "வேணாங்க, வேணாங்க" என்று ஒதுங்கி ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காய்ச்சல் தலைக்கு ஏறியிருந்தது. எத்தனை தரம் "அம்மா" என்று கூப்பிட்டாலும் அந்தக் காதில் மகளின் குரல் ஏறவில்லை.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லோரன்ஸ், "போதும். அது சாகும்போதாவது பயப்படாமச் சாகட்டும். நீ வெளிய வா" என்றான்.

அவள் வெளியே வந்து வாசல் குந்துத் திண்ணையில் உட்கார்ந்தாள். அடுத்த நாள் விடியும் முன் அன்னம்மா போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்ததும் லோரன்ஸ் தங்கையின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டான். அடக்கத்துக்கு வந்திருந்த வலன்ரைன் வழி முழுக்க ஆறுதல் சொல்லிக்கொண்டே கூட்டி வந்தார். காம்பராவுக்குள் நடந்தது அவருக்குத் தெரியாது. மதலேன் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு அவள் வீட்டுக்குள் அதிகம் பேசாதவள் ஆகிப்போனாள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஐரினுக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பினாள், ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போனாள். சேலைப் பேச்சு அந்த வீட்டில் செத்தே போயிற்று.

ஆனால் ஊரில் அது உயிர்த்து வந்தது. பெண்களுக்கும் வோட்டு என்று ஆகி, கூட்டங்களும் மாநாடுகளும் நடக்கத் தொடங்கிய காலம். கவுன் வெள்ளைக்காரன் உடுப்பு, நம்முடைய உடுப்பைக் கட்டுங்கள் என்று மேடையில் பேசினார்கள். முழங்காலுக்குக் கவுன் போட்ட அதே புரொக்டர் வீட்டு அம்மா இப்போது ஜோர்ஜெட் சேலையில், கத்தரித்த மயிரை வளர்த்துக் கொண்டையிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்து ரீச்சர்மார் மாறினார்கள். கோயிலில் முன்வாங்குகள் சேலையால் நிறைந்தன. ராஜலிங்கம், "நான் அப்பவே சொன்னன்" என்று கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

முப்பத்தைந்தில் ஒரு மாலை, வலன்ரைன் மறுபடியும் கக்கத்தில் பொட்டலத்தோடு வந்தார். சாஹுல் ஹமீதின் கடையில் வாங்கிய இளநீல ஜோர்ஜெட்.

"புரொக்டரையா வீட்டுல விருந்து. எல்லாரும் குடும்பத்தோட வாராங்க. இப்ப பெரிய இடத்துப் பொம்பளைங்க எல்லாம் சேலைதான் மதலேன். ஒனக்கு நல்லாருக்கும்."

அவர் முகத்தில் உண்மையான சந்தோசம் இருந்தது. மனைவிக்கு அவள் ஆசைப்பட்டதையே கடைசியில் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்ற சந்தோசம்.

மதலேன் சேலையை விரித்துப் பார்த்தாள். மடித்தாள். மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு வேணாங்க."

"ஏன்? கலர் பிடிக்கலையா?"

"கலரு நல்ல கலரு. நா கட்ட மாட்டேன்."

"நீதானே சேலை சேலைன்னு..." அவர் சொல்லி முடிக்கவில்லை. மதலேன் பேசத் தொடங்கினாள். குரலை உயர்த்தவில்லை. ஆஸியா உம்மா வீட்டு வாசலில் நின்று யோசித்ததில் இருந்து, அம்மா கும்பிட்டதும், "சலாமுங்க" என்றதும், லேஸில் பட்ட விரல்களை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒதுங்கியதும், ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பெத்த தாயி என்னயப் பாத்துப் பயந்து செத்துச்சு. அன்னைக்கு என் ஒடம்புல ஒரு கந்தச் சீலை இருந்திருந்தாக்கூட அது தடவிப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்கும். அப்ப கூடாதுன்னீங்க. இப்ப கட்டுன்னா, யாரு பாக்கக் கட்டுறது?"

வலன்ரைன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். விருந்துக்கு அவர் போகவில்லை. சில நாள் கழித்து, கோயில் விட்டு வரும்போது, "ஹந்தானைக்கு ஒரு நடை போய்ட்டு வருவமா?" என்று கேட்டார்.

"யாரைப் பாக்க?" என்றாள் மதலேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

ஐரின் அப்போது பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பில் இருந்தாள். அம்மா சொன்னதை எல்லாம் பக்கத்து அறையில் இருந்து கேட்டவள். மாமன் என்று ஒருவர் மலைமேல் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு சனிக்கிழமை, யாரிடமும் கேட்காமல், ஆஸியா உம்மாவிடம் வழி விசாரித்து ஏறிப்போய் லோரன்ஸின் வாசலில் நின்றாள். அவன் முதலில் யாரோ என்று பார்த்தான். "நா மதலேன் மக மாமா" என்றதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அதிலிருந்து போக்குவரத்து உண்டாயிற்று. மதலேன் மட்டும் போகவில்லை.

அந்த இளநீலச் சேலையை ஐரின்தான் கட்டினாள். அவள் தைத்த ரவிக்கைக்குக் கை குட்டை. வலன்ரைன் பார்த்துத் திடுக்கிட்டார். "கைய முழங்கைக்கு இறக்கித் தைக்கச் சொல்லு. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அவ போடட்டும்" என்றாள் மதலேன் குசினியில் இருந்து.

"சாமியார் என்ன..."

"சாமியாரும் சொல்லட்டும், கந்தோரும் சொல்லட்டும். ஒடம்பு அவளோடது. அவ போடட்டும்."

அந்த வீட்டில் மதலேன் ஒரு விசயத்தை முடித்துவைத்தது அது ஒன்றுதான். அவள் தான் மட்டும் கவுனோடேயே இருந்துவிட்டாள். இப்போது அதற்கும் பேச்சு வந்தது. "ஊரே சேலைக்கு மாறிருச்சு, கிளாக்கரம்மாவுக்கு இன்னும் தொரைசாணி நெனப்புப் போகல" என்று கோயிலில் சின்னப் பெண்கள் குசுகுசுத்தார்கள். ஐரின் சண்டைக்குப் போகப் பார்த்தாள். மதலேன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

முப்பத்தெட்டில் லோரன்ஸின் மகளுக்குக் கலியாணம். லோரன்ஸ் தானே மலையிறங்கி வந்து, வாசலில் நின்றபடி, "வந்துட்டுப் போ" என்றான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணன் வாயில் இருந்து வந்த வார்த்தை அது. மதலேன் போனாள். கவுனோடுதான்.

லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் எல்லாம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மதலேனைக் கண்டதும் லோரன்ஸின் மனைவி பதறிக்கொண்டு கங்காணி வீட்டில் இரவல் வாங்கிய கதிரையைக் கொண்டுவந்து, துணியால் துடைத்துப் போட்டாள். "ஒக்காருங்க, ஒக்காருங்க." மதலேன் உட்கார்ந்தாள். கீழே பாயில் அவளோடு கொழுந்து எடுத்த பெண்கள் இருந்தார்கள், பீலிக்கரையில் சிரித்தவர்களும் இருந்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்கும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள், தங்களுக்குள் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். கவுன்காரி என்று ஒருத்தியாவது கேலி செய்தால் தேவலை என்று இருந்தது மதலேனுக்கு.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழும்பி, சப்பாத்தைக் கழற்றிக் கதிரைக்கு அடியில் தள்ளினாள். கவுனை முழங்காலுக்குக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு பாயில் இறங்கி, கால்களை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்தாள். அந்த உடுப்பில் அப்படி உட்காருவது கஷ்டம். துணி அங்கும் இங்கும் இழுத்தது. மாப்பிள்ளை வீட்டோடு வேறு தோட்டத்தில் இருந்து வந்த ஒரு கிழவி இதைப் பார்த்துவிட்டு, தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து அவள் காலில் போட்டாள்.

"யாரு வீட்டுப் பொண்ணு தாயி நீ?"

"அன்னம்மா மக."

"எந்த அன்னம்மா?"

"இந்த லயத்துல இருந்தாங்க. கொழுந்து எடுத்தாங்க. இப்ப இல்ல."

கிழவி தலையை ஆட்டிக்கொண்டு வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். மதலேன் கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டு அழுதாள். பந்தலில் மேளச் சத்தம் பெரிதாக இருந்தது. அவள் அழுவது பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. அவர்கள் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.